வாரியர்ஸ் ஆட்டங்களை நேரலையில் பார்ப்பது எப்படி? லீக் பாஸ் ஏன் போதவில்லை?

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் உள்ள சன்னிவேலில் வசிக்கும் ஒருவர், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் லீக் பாஸ் சேவைக்குச் சந்தா கட்டியிருக்கிறார். மற்ற அணிகள் ஆடும் ஆட்டமெல்லாம் வருகிறது. அவரும் மகனும் ஆசையாகப் பார்க்க நினைக்கும், அவர்கள் வட்டாரத்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஆட்டம் மட்டும் வருவதில்லை. வீட்டில் கேபிள் இல்லை. சீசன் முழுவதும் நேரலையில் பார்க்க என்ன வழி, முடிந்தால் செலவு குறைவாக, என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று: உங்கள் லீக் பாஸில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படித்தான் வேலை செய்யும். வெளியூர் அணியின் ரசிகருக்காக உருவான சேவை அது. நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு வாரியர்ஸைப் பார்க்க நினைப்பவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வாரியர்ஸின் சொந்தப் பகுதியிலேயே இருக்கும் உங்களுக்கு அந்த ஓர் அணியைத்தான் அது மறைக்கும். கட்டிய சந்தாவை ரத்து செய்ய முடியுமா என்று இன்றைக்கே பாருங்கள். மற்ற அணிகளின் ஆட்டங்களையும் நிறையப் பார்ப்பவராக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். என்பிஏவில் ஒளிபரப்பு உரிமை இரண்டு அடுக்காக விற்கப்படுகிறது. நாடு முழுவதும் காட்டும் ஆட்டங்களை லீக் தானே விற்கிறது. மிச்சமுள்ள ஆட்டங்களை ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்தில் உள்ள ஒரு சேனலுக்கு விற்கிறது. அந்தச் சேனல் கொடுக்கும் பணம் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் காட்டக் கூடாது என்பதற்கான விலை. லீக் பாஸ் அதே ஆட்டத்தை அதே ஊரில் காட்டினால் அந்த ஒப்பந்தத்துக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். அதனால் உங்கள் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து மறைக்கிறார்கள். தேசிய அளவில் காட்டப்படும் ஆட்டங்களும் லீக் பாஸில் நேரலையாக வராது. அமெரிக்காவில் எந்த ஊரில் இருந்தாலும் இது பொருந்தும்.

ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இன்றைக்கு இந்த ஆட்டம் உள்ளூர் சேனலின் கையில் இருக்கிறதா, தேசிய நிறுவனங்களின் கையில் இருக்கிறதா?

வாரியர்ஸுக்கு உள்ளூர் சேனல் என்பிசி ஸ்போர்ட்ஸ் பே ஏரியா. வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள்: சொந்த அரங்கில் 41, வெளியூரில் 41. அவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சேனலில்தான் வரும். காம்காஸ்ட் கேபிள் உள்ள வீடுகளில் இதைப் பார்க்கலாம். கேபிள் இல்லாதவர்களுக்கு 2025இல் ஒரு நல்ல வழி திறந்தது. என்பிசியின் ஸ்ட்ரீமிங் ஆப்பான பீகாக்கில் கூடுதல் கட்டணம் கட்டி இந்தச் சேனலைச் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த வட்டாரத்துக்குள் இருந்தால் மட்டுமே இது கிடைக்கும், நீங்களோ நட்டநடுவில் இருக்கிறீர்கள். பல டிவி சேனல்களை இணையம் வழியே சேர்த்துத் தரும் யூடியூப் டிவி போன்ற நேரலைத் தொகுப்புகளை யோசித்தால், பணம் கட்டும் முன் அவர்கள் தளத்தில் உங்கள் ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டை) கொடுத்து என்பிசி ஸ்போர்ட்ஸ் பே ஏரியா பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சேனல் நிறுவனங்களுக்கும் இந்தத் தொகுப்புகளுக்கும் அடிக்கடி பேச்சுவார்த்தை முறிவதுண்டு. போன வருடம் இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று நம்ப முடியாது.

உள்ளூர் ஒளிபரப்பில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. பாப் ஃபிட்ஸ்ஜெரால்டும் முன்னாள் வாரியர்ஸ் வீரர் கெலென்னா அசுபுய்கேயும் வர்ணனை செய்கிறார்கள். தேசிய ஒளிபரப்பில் வாரியர்ஸின் நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கரியைப் பற்றியே பாதி நேரம் பேசுவார்கள். இவர்களோ பெஞ்சில் எட்டாவது ஆளாக உட்கார்ந்திருப்பவன் போன வாரம் என்ன செய்தான் என்பது வரை சொல்வார்கள். பையன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால் இந்த வர்ணனைதான் சரி.

அடுத்தது தேசிய ஆட்டங்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், குழம்புவதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் 2025-26 சீசனில் எல்லாமே மாறிவிட்டது. 2024 ஜூலையில் என்பிஏ மூன்று நிறுவனங்களோடு 11 ஆண்டு ஒப்பந்தம் அறிவித்தது: ஏபிசியும் ஈஎஸ்பிஎன்னும் வைத்திருக்கும் டிஸ்னி, என்பிசியும் பீகாக்கும் வைத்திருக்கும் என்பிசியுனிவர்சல், அப்புறம் அமேசான். பல்லாண்டுகளாகக் காட்டிவந்த டிஎன்டி சேனல் வெளியேறியது. 2002க்குப் பிறகு என்பிஏவையே காட்டாமல் இருந்த என்பிசி திரும்ப வந்தது. டிஎன்டியில் புகழ்பெற்ற 'இன்சைட் தி என்பிஏ' நிகழ்ச்சி மட்டும் அதே ஆட்களோடு ஈஎஸ்பிஎன், ஏபிசி பக்கம் போய்விட்டது. பழைய பழக்கத்தில் வியாழக்கிழமை டிஎன்டியைத் தேடினால் கிடைக்காது.

கிழமையை வைத்து நினைவில் கொள்வது சுலபம். திங்கள் இரவு பீகாக்கில். செவ்வாய் என்பிசியிலும் பீகாக்கிலும். புதன் ஈஎஸ்பிஎன். வெள்ளி அமேசான் பிரைம். அமெரிக்கக் கால்பந்து சீசன் முடியும் தறுவாயில், ஜனவரியிலிருந்து, வியாழனும் அமேசானுக்குப் போகிறது. ஏபிசியின் சனிக்கிழமை ஆட்டங்களும் அந்தக் காலத்தில்தான் தொடங்கும். பிப்ரவரியில் ஞாயிறு இரவு என்பிசிக்கு. கிறிஸ்துமஸ் அன்று வரிசையாக ஐந்து ஆட்டங்கள் டிஸ்னியின் சேனல்களில். நவம்பர், டிசம்பரில் நடக்கும் என்பிஏ கோப்பையின் நாக்அவுட் சுற்று அமேசானில். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகாது. வாரியர்ஸ் போன்ற கவர்ச்சியான அணிக்கு 30க்கும் மேற்பட்ட தேசிய ஆட்டங்கள் ஒதுக்குகிறார்கள். அதனால் உள்ளூர் சேனல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சீசனை ஓட்ட முடியாது.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு குறிப்பு. என்பிசி அன்று கிழக்குப் பகுதிக்கு ஓர் ஆட்டமும் மேற்குப் பகுதிக்கு ஓர் ஆட்டமும் தருகிறது. மேற்கில் ஆட்டம் இரவு 8 மணிக்கு. வாரியர்ஸின் வழக்கமான சொந்த அரங்க ஆட்டம் 7 மணிக்குத் தொடங்கிப் பழகியவர்கள் அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளி இருந்தால் பையன் கடைசிக் கால்பகுதியைப் பார்ப்பது சந்தேகம்தான். கிழக்குக் கரையில் உள்ளவர்களுக்கு அது இரவு 11 மணி.

இப்போது செலவு. என் பரிந்துரையில் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஆன்டெனா. ஒரு தடவை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. உங்கள் பகுதியில் என்பிசி 11ஆம் எண்ணிலும் ஏபிசி 7ஆம் எண்ணிலும் காற்றில் இலவசமாக வருகின்றன. செவ்வாய், ஞாயிறு என்பிசி ஆட்டங்கள், ஏபிசி ஆட்டங்கள், ஜூனில் நடக்கும் இறுதித் தொடர் முழுவதும் இதிலேயே பார்த்துவிடலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு சேனல்களும் விஎச்எஃப் அலைவரிசையில் வருபவை. கடையில் காகிதம்போல் தட்டையாக விற்கும் ஆன்டெனாக்களில் பல யுஎச்எஃப்புக்குத்தான் நன்றாக வேலை செய்யும். பெட்டியில் விஎச்எஃப் என்று தெளிவாகப் போட்டிருப்பதாக வாங்குங்கள். ஏபிசியின் அலை சான் ஃபிரான்சிஸ்கோவின் சூட்ரோ கோபுரத்திலிருந்தும், என்பிசியின் அலை சான் புரூனோ மலையிலிருந்தும் வருகிறது. சன்னிவேலிலிருந்து இரண்டுமே வடமேற்கில் இருப்பதால், அந்தப் பக்க ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் இடம் மாற்றிப் பாருங்கள். தூரம் கொஞ்சம் அதிகம், முதலில் வைத்த இடத்திலேயே கிடைக்காமல் போகலாம்.

அடுத்து பீகாக். திங்கள் ஆட்டங்களுக்கும் வேண்டும், உள்ளூர் சேனலை அதன்மேல்தான் சேர்க்க வேண்டும் என்பதால் அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை இது உங்களுக்கு அடிப்படைச் செலவு. விளம்பரத்தோடு வரும் பிரீமியம் திட்டம் 2025 ஜூலையில் மாதம் 10.99 டாலர் ஆனது. உள்ளூர் சேனலுக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம். அமேசான் பிரைம் ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கும். இல்லையென்றால் வீடியோவுக்கு மட்டும் தனிச் சந்தா உண்டு. மிச்சம் ஈஎஸ்பிஎன். 2025 ஆகஸ்டில் கேபிள் இல்லாதவர்களுக்காக மாதம் 29.99 டாலருக்கு நேரடிச் சந்தா தொடங்கினார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை முழு சீசனுக்கும் கட்ட மாட்டேன். அட்டவணையில் புதன்கிழமைகளைப் பார்த்து, வாரியர்ஸ் ஆட்டங்கள் கூடுதலாக விழும் மாதத்தில் எடுத்து, அடுத்த மாதமே நிறுத்திவிடுவேன். என்பிஏ முழு அட்டவணையை ஆகஸ்ட் நடுவில் வெளியிடுகிறது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எந்த சேனல் என்பதோடு. அதை நாள்காட்டியில் ஏற்றிவிட்டால் எந்த மாதம் எது தேவை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சீசன் நடுவில் சில ஆட்டங்களைச் சேனல் மாற்றுவார்கள் என்பதால் பிப்ரவரியில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சந்தாக்களைத் தொடங்கி நிறுத்துவது தொல்லை என்று தோன்றினால் யூடியூப் டிவி போன்ற ஒரே தொகுப்பு மேல். 2025இல் அதன் அடிப்படைத் திட்டம் மாதம் 82.99 டாலர். ஏபிசி, என்பிசி, ஈஎஸ்பிஎன் எல்லாம் ஒரே இடத்தில் வரும், ஆட்டத்தைப் பதிவுசெய்தும் வைக்கலாம். அமேசான் அதற்கு வெளியேதான் இருக்கும். குடும்பத்தில் மற்றவர்களும் டிவி பார்ப்பவர்களாக இருந்தால் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. கூடைப்பந்துக்காக மட்டும் என்றால் எனக்கு மனம் வராது.

ஏப்ரலில் வழக்கமான சீசன் முடிந்ததும் உள்ளூர் சேனலின் கூடுதல் சந்தாவை நிறுத்திவிடலாம். கடைசி இடங்களுக்கான தகுதிச் சுற்றான பிளேஇன் ஆட்டங்கள் அமேசானில். அதற்குப் பிறகு வரும் நாக்அவுட் தொடர்களான பிளேஆஃப் முழுவதும் மூன்று தேசிய நிறுவனங்களுக்குள் பிரிந்துவிடும், இறுதித் தொடர் ஏபிசியில். வாரியர்ஸ் எந்த நிறுவனத்தின் பக்கம் விழுகிறது என்பது தொடர் தொடங்கும் முன்தான் தெரியும், அந்த நேரத்தில் தேவையானதை மட்டும் எடுங்கள்.

விபிஎன் போட்டு வேறு ஊரில் இருப்பதுபோல் காட்டி லீக் பாஸில் பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். அது சந்தா விதிகளுக்கு எதிரானது. கணக்கை முடக்கினால் பணமும் போகும். திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்களை மகன் இருக்கும் வீட்டில் திறக்கவே வேண்டாம். கண்ட விளம்பரங்கள் பாய்ந்து வரும், கணினியில் என்னென்ன இறங்குகிறது என்று தெரியாது, நான்காவது கால்பகுதியில் நின்றும் போகும்.

வேறு அணியின் ரசிகர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா அணிகளுக்கும் உள்ளூர் சேனல் இப்படியே கட்டணத்துக்குப் பின்னால் இல்லை. பல அணிகளின் உள்ளூர் உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்த நேரத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் துணிந்து தன் ஆட்டங்களை ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனலுக்கு மாற்றியது. யூட்டா ஜாஸும் அதே வருடம் அந்த வழிக்கு வந்தது. அடுத்த வருடம் டல்லஸ் மாவெரிக்ஸ், போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸும் பின்தொடர்ந்தன. அந்த ஊர்களில் இருப்பவர்கள் ஆன்டெனாவிலேயே உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்கலாம். வருமானம் குறையும் என்று தெரிந்தும் ரசிகர்களின் எண்ணிக்கை முக்கியம் என்று எடுத்த முடிவு அது. எல்லா அணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. சந்தா கட்ட முடியாத வீட்டுக் குழந்தையும் தன் ஊர் அணியைப் பார்த்து வளர வேண்டும்.

நேரலை என்று நீங்கள் கேட்டது டிவியைத்தான் என்றாலும், சன்னிவேலில் இருந்துகொண்டு ஒரு முறையாவது அரங்குக்குப் போகாமல் இருப்பது நியாயமில்லை. வாரியர்ஸ் 2019இல் ஓக்லாந்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டருக்கு வந்தார்கள். 18,064 பேர் உட்காரும் அரங்கம். டிக்கெட் மலிவில்லை, ஆனால் எந்த ஆட்டத்துக்குப் போகிறோம் என்பதில் விலை மிகவும் மாறும். லேக்கர்ஸ், செல்டிக்ஸ் அணிகள் வரும் ஆட்டங்கள், சனிக்கிழமை, விடுமுறை வாரம் இவற்றைத் தவிர்த்து, கடைநிலையில் உள்ள ஓர் அணி வாரநாளில் வரும்போது போங்கள். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். தடுப்பாட்டம் எப்படி நகர்கிறது, பந்து இல்லாமலேயே கரி எப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார் என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். டிவி கேமரா பெரும்பாலும் பந்தைத்தான் பின்தொடரும்.

மறுவிற்பனை டிக்கெட் வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் அணியும் யார் யார் ஆட மாட்டார்கள் என்ற காயப் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டமாக இருந்தால், இரண்டாவது ஆட்டத்துக்கான பட்டியல் அன்று மதியம்தான் வரும். கரியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவது ஆட்டத்தைத் தவிர்ப்பது நல்லது, மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்குவது வழக்கம், ஆனால் பையனை அழைத்துப் போகும்போது அந்தச் சூதாட்டம் வேண்டாம். கடைசியில் எவ்வளவு கட்டணம் சேரும் என்ற பயமும் இப்போது குறைந்திருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்கா முழுவதும் டிக்கெட் விற்பவர்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கால்ட்ரெயின் என்ற புறநகர் ரயிலில் ஏறி சான் ஃபிரான்சிஸ்கோ நான்காம் தெரு நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து நகரப் போக்குவரத்தான மியூனியின் டி (T) வண்டி அரங்க வாசலிலேயே விடும். நடந்தாலும் ஒரு மைல்தான். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை முன்னமே பார்த்து வையுங்கள், கூடுதல் நேர ஆட்டம் வந்தால் தடுமாற வேண்டியிருக்கும்.

இன்னும் குறைந்த செலவில் பையனுக்கு நல்ல கூடைப்பந்தை அருகிலிருந்து காட்ட வேண்டும் என்றால் சாண்டா குரூஸ் போங்கள். வாரியர்ஸின் துணை அணியான சாண்டா குரூஸ் வாரியர்ஸ், என்பிஏவுக்கு அடுத்த நிலையில் உள்ள ஜி லீக்கில் ஆடுகிறது. 2,500 பேர் அளவுக்கே உட்காரும் சின்ன அரங்கம், வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூடக் காதில் விழும். வாரியர்ஸ் சட்டை போட்ட எத்தனையோ இளைஞர்கள் அங்கே ஆடிவிட்டுத்தான் மேலே வந்தார்கள். கோடையில் சேஸ் சென்டரில் ஆடும் பெண்கள் அணி கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸையும் விட்டுவிடாதீர்கள். 2025இல்தான் தொடங்கிய அணி, முதல் சீசனிலேயே அரங்கம் நிறைந்து வழிந்தது.

மறுபடி வீட்டுக்கு வருவோம். ஆப்பில் பார்க்கும்போது படம் உண்மையான ஆட்டத்துக்குப் பல நொடிகள், சில சமயம் அரை நிமிடத்துக்கும் மேல், பின்தங்கி வரும். ஆன்டெனாவில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆப்பில் பார்க்கும் இரவுகளில் கைபேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், நண்பர்கள் குழுவையும் மௌனமாக்குங்கள். கடைசி வீச்சு கூடையில் விழுமா என்று பையன் எழுந்து நிற்கும்போது உங்கள் கைபேசி விடையைச் சொல்லிவிடக் கூடாது.

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஆட்டம் தொடங்கிவிட்டால் காரில் 95.7 பண்பலையைப் போடுங்கள். டிம் ராய் 1995லிருந்து வாரியர்ஸுக்கு வானொலி வர்ணனை செய்கிறார். பந்து யார் கையில், எந்த மூலையில், கடிகாரத்தில் எத்தனை நொடி என்று ஒவ்வொன்றையும் சொல்வார். சந்தா கிடையாது, ஊரைப் பார்த்து மறைக்கும் பிளாக்அவுட் கிடையாது. முதல் கால்பகுதியை நெரிசலிலேயே கேட்டு முடித்துவிட்டு, இரண்டாவதற்கு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம்.